வளைந்து போன காற்று: பிரிஸ்டல் நிறுவனம், புரோட்டியஸ் இன்ஜின், பிரிட்டானியா விமானம்

எதைப் பற்றிய ஆய்வு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஏரோபிளேன் கம்பெனி 1950-களில் பிரிட்டானியா என்ற பயணிகள் விமானத்தைக் கட்டியது. நான்கு டர்போபிராப் இன்ஜின்கள், அதாவது சூடான வாயுவால் சுழலும் டர்பைன் புரொப்பெல்லரை ஓட்டும் வகை. பெரிய விமானமாக இருந்தும் சத்தம் குறைவு. அதன் நீண்ட வகை அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டியது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் நல்ல விமானம். ஆனால் அது முழுதாகத் தயாரானபோது விமான நிறுவனங்கள் ஜெட்டுக்கு மாறத் தொடங்கியிருந்தன. 85 விமானங்களோடு தயாரிப்பு நின்றுவிட்டது.

தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றைத்தான் இங்கே தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்கிறேன்: இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையில் இருந்த ஒரு வளைவு. அது முதலில் வேறொரு விமானத்துக்காகப் போட்டது. அந்த விமானம் கைவிடப்பட்டது. வளைவு மட்டும் தங்கிவிட்டது.

சம்பந்தப்பட்ட பொறியாளர்களையும் விமானிகளையும் பெயர் சொல்லாமல் அவர்களுடைய பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: டிராம் கம்பெனியிலிருந்து விமானக் கம்பெனி

1910-ல் பிரிஸ்டல் நகரத்தில் டிராம் வண்டிகள் ஓட்டிக்கொண்டிருந்த தொழிலதிபர் ஒருவர், நகருக்கு வெளியே ஃபில்டனில் இருந்த வண்டிக் கொட்டகைகளில் விமானம் கட்டத் தொடங்கினார். முதல் வெற்றி 'பாக்ஸ்கைட்'. மரமும் துணியும் கம்பியும் கொண்ட பெட்டிப் பட்டம் போன்ற விமானம் அது. அந்த ஆண்டின் கடைசியிலேயே ஒரு குழுவைக் கப்பலில் ஏற்றி, கல்கத்தாவில் பறந்து காட்டவும் அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் 'பிரிஸ்டல் ஃபைட்டர்' என்ற இருவர் அமரும் சண்டை விமானம் 5,000-க்கும் மேல் கட்டப்பட்டது.

அதுவரை விமானம் மட்டும்தான். இன்ஜின் வெளியிலிருந்து வந்தது. 1920-ல் நொடித்துப்போயிருந்த காஸ்மாஸ் என்ற இன்ஜின் நிறுவனத்தை வாங்கியதும் அந்த நிலை மாறியது. காற்றாலேயே குளிரும் ஒன்பது சிலிண்டர் ஜூபிட்டர் இன்ஜினோடு அதை வடிவமைத்த குழுவும் சேர்ந்தே வந்தது. இருபதுகளில் ஜூபிட்டரைப் பல நாடுகள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. பிறகு மெர்க்குரி, பெகாசஸ், வால்வுக்குப் பதில் ஸ்லீவ் வைத்த ஹெர்குலஸ், கடைசியாக 18 சிலிண்டர் சென்டாரஸ். ஹெர்குலஸ் மட்டும் 57,000-க்கும் மேல் தயாரானது. பிஸ்டன் இன்ஜினில் இவர்களுக்கு இணை மிகச் சிலரே.

இந்தப் பெருமையே ஒரு விதத்தில் சுமையும் ஆனது என்று நினைக்கிறேன். போர்க்காலம் முழுவதும் ஹெர்குலஸையும் சென்டாரஸையும் மெருகேற்றுவதிலேயே ஆட்களும் நேரமும் போனார்கள். கேஸ் டர்பைன் பக்கம் (ஜெட்டும் டர்போபிராப்பும் இந்த வகை) அவர்கள் திரும்பியபோது போட்டியாளர்கள் சில ஆண்டுகள் முன்னால் போயிருந்தார்கள்.

வளைவு எங்கிருந்து வந்தது

போர் முடிந்ததும் பிரிஸ்டலின் கையில் இருந்த மிகப் பெரிய வேலை பிரபஸான். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறக்க வேண்டிய விமானம். இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 230 அடி. ஃபில்டன் ஓடுபாதையை 8,000 அடிக்கு மேல் நீட்டுவதற்காகப் பக்கத்தில் இருந்த சார்ல்டன் என்ற சிற்றூரையே இடித்தார்கள். முதல் பிரபஸான் எட்டு சென்டாரஸ் பிஸ்டன் இன்ஜின்களோடு 1949 செப்டம்பர் 4 அன்று பறந்தது. இரண்டாவதற்கு டர்போபிராப் இன்ஜின் வேண்டும் என்று திட்டம். அதுதான் புரோட்டியஸ்.

பிரபஸானின் இன்ஜின்கள் இறக்கைக்கு வெளியே தொங்கவில்லை. தடித்த இறக்கைக்குள்ளேயே புதைந்திருந்தன. அதே புரோட்டியஸ் பத்து பொருத்தவிருந்த பிரின்சஸ் என்ற ராட்சதப் பறக்கும் படகிலும் (நீரிலிருந்து ஏறி நீரில் இறங்கும் விமானம்) ஏற்பாடு அப்படித்தான். இறக்கையின் முன்விளிம்பில் திறப்பு. அதன் வழியே நுழையும் காற்று இன்ஜினைச் சுற்றியிருக்கும் அறைக்குள் வரும். அங்கிருந்து, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் அதை எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்துக்கு ஏற்றபடி இன்ஜினை வடிவமைத்தவர்கள் காற்றைத் திருப்பிவிட்டார்கள். காற்று முன்னிருந்து பின்னோக்கி வந்து, முழுதாகத் திரும்பி, கம்ப்ரஸருக்குள் முன்னோக்கிப் போகும். கம்ப்ரஸரைத் தாண்டியதும் மறுபடி ஒரு முறை திரும்பி, எரி அறைகள் வழியாகப் பின்னால் இருக்கும் டர்பைனுக்கு வரும். இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினின் நீளம் இதனால் குறைந்தது. இறக்கைக்குள் வைக்க வசதியாக இருந்தது. அன்றைய தேவைக்கு இது நியாயமான முடிவு.

பிரபஸான் 1953-ல் கைவிடப்பட்டு உடைக்கப்பட்டது. இரண்டாவது விமானம் முடிக்கப்படவே இல்லை. பிரின்சஸும் ஒன்றே ஒன்று பறந்ததோடு நின்றது. ஆக, புரோட்டியஸ் எந்த இறக்கைகளுக்காக வடிவமைக்கப்பட்டதோ அவை எதுவும் பயணிகளை ஏற்றவில்லை.

1949 முதல் 1953 வரை: இன்ஜினைக் காப்பாற்றும் வேலை

பிரிட்டானியா இதற்கிடையில் உருவாகிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் அரசு விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி. தன் ஆப்பிரிக்க, ஆசியத் தடங்களுக்காக நடுத்தரத் தொலைவு விமானம் கேட்டது. முதலில் சென்டாரஸ் பிஸ்டன் இன்ஜின் என்று தொடங்கிய திட்டம் வளர்ந்து புரோட்டியஸில் வந்து நின்றது. 1949 ஜூலையில் 25 விமானங்களுக்கு ஆர்டர் வந்தது.

அதே ஆண்டின் தொடக்கத்தில், போட்டி இன்ஜின் நிறுவனமான ரோல்ஸ்-ராய்ஸில் புகழ்பெற்றிருந்த பொறியாளர் ஒருவர் பிரிஸ்டலின் இன்ஜின் பிரிவில் சேர்ந்தார். விரைவில் அவரே தலைமைப் பொறியாளர் ஆனார். அவர் கண்ட புரோட்டியஸின் நிலை மோசம். எடை கூடியிருந்தது, சொன்ன குதிரைத்திறன் வரவில்லை. சோதனை மேடையில் பிளேடுகளும் பேரிங்குகளும் உடைந்துகொண்டிருந்தன.

அவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகக் காற்று போகும் புதிய இன்ஜினைத் தொடங்குவது. இன்னொன்று, இருப்பதை அவிழ்த்து, அடிப்படை அமைப்பை வைத்துக்கொண்டு எடையையும் பாகங்களையும் குறைப்பது. புதிய இன்ஜின் என்றால் பல ஆண்டுகள் போய்விடும். விமானமோ வரைபலகையிலிருந்து பட்டறைக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள். கம்ப்ரஸரை எளிமையாக்கி மறுவடிவமைத்த புரோட்டியஸ் குட்டையாகவும் இலேசாகவும் வந்தது. ஏறத்தாழ 4,000 குதிரைத்திறன் தரும் நிலைக்கு முன்னேறியது. இதைச் செய்து முடித்த குழுவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டானியாவில் இன்ஜின் இறக்கைக்குள் புதைந்திருக்கவில்லை. இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உறைக்குள் இருந்தது. முன்பக்கம் முழுதும் திறந்த காற்று. அங்கே காற்று நேராக உள்ளே போயிருக்கலாம். வளைவுக்கு இருந்த காரணம் போய்விட்டது, வளைவு அப்படியே இருந்தது. உடைகிற பிளேடு கண்ணுக்குத் தெரிகிறது, எடை தராசில் தெரிகிறது. காற்றுப் பாதை அந்த நாட்களில் எந்தக் குறையையும் காட்டவில்லை. எனவே சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை.

1952 ஆகஸ்ட் 16 அன்று முதல் பிரிட்டானியா ஃபில்டனிலிருந்து பறந்தது.

1954 பிப்ரவரி 4: செவர்ன் கழிமுகம்

இரண்டாவது மாதிரி விமானம் அன்று காலை ஃபில்டனிலிருந்து புறப்பட்டது. வாங்குவது பற்றி யோசித்துக்கொண்டிருந்த டச்சு நிறுவனமான கே.எல்.எம். அனுப்பிய ஆட்களும் உள்ளே இருந்தார்கள். கிளம்பிய சில நிமிடங்களில் மூன்றாம் இன்ஜினின் எண்ணெய்ச் சூடு ஏறியது. பிறகு வெடிப்பு, தீ.

காரணம் பின்னால் தெளிவானது. டர்பைனின் வேகத்தைக் குறைத்து புரொப்பெல்லருக்குத் தரும் கியரில் பற்கள் உடைந்திருந்தன. சுமை சட்டென்று போனதும் டர்பைன் கட்டுப்பாடில்லாமல் சுழன்று சிதறியது. சிதறிய துண்டுகள் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்தன.

தலைமைச் சோதனை விமானிக்கு ஃபில்டன் திரும்ப நேரமில்லை. தீ இறக்கையைத் தின்றுவிடும் என்ற அச்சம் இருந்தது. செவர்ன் ஆற்றின் கழிமுகத்தில் அலை இறங்கியிருந்த சேற்றுப் பரப்பில், சக்கரத்தை வெளியே எடுக்காமல், வயிற்றால் இறக்கினார். உள்ளே இருந்த எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். விமானம் பிழைக்கவில்லை. உலகிலேயே அலை அதிகம் ஏறி இறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. விமானத்தை இழுத்து மீட்பதற்குள் நீர் ஏறி மூழ்கடித்தது, உப்புநீர் மிச்சத்தையும் கெடுத்தது. சோதனைக்கு இருந்த விமானங்களில் ஒன்று போனது. கே.எல்.எம். கடைசி வரை பிரிட்டானியா வாங்கவில்லை.

கியரில் நேர்ப்பற்களை எடுத்துவிட்டுச் சாய்வான பற்களை வைத்தார்கள். பழுது தெளிவாகத் தெரிந்தது, மாற்றமும் விரைவாக நடந்தது. அதே ஆண்டில் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறிய செய்திகளும் வந்ததால், பிரிட்டானியாவுக்கும் சோதனைகளை அதிகாரிகள் நீட்டினார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

1956: நிலநடுக்கோட்டு மேகங்கள்

1955 டிசம்பர் 30 அன்று பி.ஓ.ஏ.சி. முதல் இரண்டு விமானங்களை ஏற்றுக்கொண்டது. 1956-ல் பயணிகள் சேவை என்று எதிர்பார்ப்பு. விமானிகளுக்குப் பயிற்சியும் தட சோதனைகளும் தொடங்கின.

ஆப்பிரிக்காவின் வெப்பமண்டல வானில், ஏறத்தாழ 20,000 அடியிலும் அதற்கு மேலும், உயரமான மேகங்களுக்குள் போனபோது இன்ஜின் 'தடக்' என்று குலுங்கிச் சக்தி இழந்தது. சில வேளை முழுதாக அணைந்தது. ஒரே இன்ஜின் மட்டும் என்றும் இல்லை. சற்று நேரத்தில் மறுபடி எரிய வைக்க முடிந்தது. அடுத்த மேகத்தில் மீண்டும் அதே கதை. விமானத்தின் இறக்கை விளிம்பில் பனி படிந்த தடயம் பெரிதாக இல்லை.

இது ஏன் குழப்பியது என்பதைப் புரிந்துகொள்ளப் பனி படிவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று எல்லோரும் அஞ்சியது உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே மிதக்கும் நீர்த்துளிகளைத்தான். அவை எதன் மேல் மோதினாலும் உடனே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கை விளிம்பைச் சூடாக்குவதும், இன்ஜின் வாயைச் சூடாக்குவதும் அதற்குத்தான். வெப்பமண்டலத்தில் எழும் பெரும் மேகங்களின் மேல்பகுதி வேறு மாதிரி. அங்கே நீர் எல்லாம் ஏற்கெனவே உறைந்து பொடிப் படிகமாகிவிட்டது. உலர்ந்த பொடி. குளிர்ந்த இறக்கையில் பட்டால் மணல் போலத் தெறித்து ஓடிவிடும். ஆகவே இறக்கை சுத்தமாக இருந்தது.

இன்ஜினுக்குள் போன பொடியின் கதி வேறு. பேருந்து சட்டென்று வளையும்போது நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்கிறார்களே, அதே நிலைதான். காற்று வளைந்துவிடும். அதைவிடக் கனமான படிகங்கள் வளைய முடியாமல் வளைவின் வெளிச்சுவரில் போய் மோதும். இன்ஜினின் சூட்டில் பாதி உருகி, பாதி உறைந்து, ஈரமான சேறு போல அங்கே சேரும். சேர்ந்து கனத்ததும் கட்டியாகப் பெயர்ந்து கம்ப்ரஸருக்குள் விழும். அந்தக் கட்டி எரி அறைக்கு வரும்போது தீ அணைந்துவிடும்.

நேராகக் காற்று போகும் இன்ஜினில் இதே பொடி பெரும்பாலும் தங்காமல் ஊடே போய்விடும். பிரபஸான் இறக்கைக்காகப் போட்ட வளைவு இப்போது ஆப்பிரிக்க மேகத்தில் கணக்குக் கேட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காற்றுப் பாதையை நேராக்குவது என்றால் புதிய இன்ஜின். அந்தக் கட்டத்தில் அது நடக்காத காரியம். இருக்கும் அமைப்பிலேயே செய்யக்கூடியதைத் தேடினார்கள்.

ஒன்று, கம்ப்ரஸரிலிருந்து சூடான காற்றை எடுத்து, பனி சேரும் வளைவின் மீது பீய்ச்சுவது. கட்டி பெரிதாகும் முன்பே கரைந்து போகட்டும் என்று. இன்னொன்று, பனி விழுந்தாலும் தீ மறுபடி தானாகப் பற்றிக்கொள்ளும்படி எரி அறைக்குள் எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும் குளோ பிளக்குகளை வைப்பது. இரண்டாவது யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன். பனியை முற்றாகத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அணைந்ததும் விமானி கைவைக்கும் முன் மறுபடி எரிய வேண்டும் என்று இலக்கையே மாற்றினார்கள். பயணிகளுக்கு ஒரு குலுக்கலோடு போய்விடும்.

இவற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் போதவில்லை. அந்த மேகங்களைத் தேடிப் போய், வேண்டுமென்றே உள்ளே நுழைந்து, இன்ஜின்கள் அணைவதைக் கண்டு, திரும்பி வந்து மாற்றி, மறுபடி போனார்கள். மாதங்கள் ஓடின.

புரோட்டியஸின் தொல்லைகள் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தபோது, ரோல்ஸ்-ராய்ஸின் மூத்த பொறியாளர்கள் சிலர் தங்கள் தலைவர் சொல்லி பிரிஸ்டலுக்கு வந்து ஆலோசனை தந்தார்கள். போட்டி நிறுவனம் அது. அங்கிருந்து விலகி வந்தவர்தான் இங்கே தலைமைப் பொறியாளர். அப்படியும் வந்தார்கள்.

பி.ஓ.ஏ.சி. தரப்பில் எடுத்த முடிவு, சிக்கல் தீரும் வரை பயணிகளை ஏற்றுவதில்லை என்பது. பிரிஸ்டல்காரர்களுக்கு இதில் மனக்குறை இருந்தது. பறக்கும் உயரத்தைச் சற்று மாற்றினாலே பெரும்பாலும் தவிர்க்கலாம், விமான நிறுவனம் ஊருக்கெல்லாம் சொல்லி விமானத்தின் பெயரைக் கெடுக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். என் கருத்தில், நான்கு இன்ஜின்களும் ஒரே மேகத்துக்குள் ஒரே காரணத்தால் அணையக்கூடும் என்றால் காத்திருந்ததுதான் சரி. நான்கு இன்ஜின்கள் இருப்பதன் பொருளே ஒன்று போனால் மற்றவை இருக்கும் என்பது. பொதுவான காரணம் ஒன்று அந்த நம்பிக்கையை உடைத்துவிடுகிறது.

தொடர்ந்து நடந்தது

1957 பிப்ரவரி 1 அன்று லண்டன்–ஜோகன்னஸ்பர்க் தடத்தில் பிரிட்டானியா பயணிகளை ஏற்றியது. நீண்ட உடல் கொண்ட அடுத்த வகை அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று லண்டன்–நியூயார்க் சேவையைத் தொடங்கியது. டர்பைன் இன்ஜின் விமானம் ஒன்று அட்லாண்டிக்கின் மீது பயணிகள் சேவை நடத்தியது அதுவே முதல் முறை. இடையில், அந்த நவம்பரில், சோதனையில் இருந்த ஒரு விமானம் ஃபில்டனுக்குப் பக்கத்தில் டவுனெண்டில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இன்ஜின் பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த விமானத்துக்காக உயிர் கொடுத்தவர்களைச் சொல்லாமல் கடக்க முடியாது.

அட்லாண்டிக் சேவை தொடங்கிப் பத்து மாதம்கூட ஆகவில்லை. 1958 அக்டோபர் 4 அன்று மறுவடிவமைத்த காமெட் அதே கடலைத் தாண்டியது. 26 அன்று பான் அமெரிக்கனின் போயிங் 707 தாண்டியது. புரொப்பெல்லரோடு இருக்கும் பெரிய பயணிகள் விமானத்துக்கு இனி யார் பணம் போடுவார்கள்?

ஒப்பிட இன்னொரு பிரிட்டிஷ் டர்போபிராப் இருக்கிறது. விக்கர்ஸ் வைகவுன்ட், பிரிட்டானியாவை விடச் சிறியது. அதன் டார்ட் இன்ஜினில் காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும், அவ்வளவுதான். 1953 ஏப்ரலிலேயே சேவைக்கு வந்தது. 440-க்கும் மேல் கட்டினார்கள். இரண்டு விமானங்களின் சந்தையும் வேறு என்பதால் எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனால் நான்கு ஆண்டுகள் முன்னால் வருவதன் விலை என்ன என்பதை அது காட்டுகிறது.

நிறுவனத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் பிரிவு 1959-ல் ஆம்ஸ்ட்ராங் சிட்லியோடு சேர்ந்து பிரிஸ்டல் சிட்லி ஆனது. 1966-ல் அதை ரோல்ஸ்-ராய்ஸ் வாங்கியது. விமானப் பிரிவு 1960-ல் பிரிட்டிஷ் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷனுக்குள் போனது. பின்னர் ஃபில்டனில் கட்டிய கான்கார்டின் ஒலிம்பஸ் இன்ஜின், ஹாரியர் போர் விமானத்தின் பெகாசஸ் இன்ஜின் (பழைய பிஸ்டன் இன்ஜினின் பெயர், ஆனால் இது ஜெட்) எல்லாம் இந்தக் குழுவின் வழிவந்தவை. புரோட்டியஸோடு மல்லாடிய அதே ஆண்டுகளில் அவர்கள் வடிவமைத்த ஆர்ஃபியஸ் என்ற சிறிய ஜெட் இன்ஜினை பெங்களூரில் ஹெச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரித்தது. நாட், மாருத் போர் விமானங்கள் அதில்தான் பறந்தன. ஆர்ஃபியஸில் காற்று நேராகப் போகும், பாகங்களும் குறைவு.

என்ன மாற்றிச் செய்திருக்கலாம்

முதலில், இன்ஜின் இறக்கைக்குள்ளிருந்து வெளி உறைக்கு மாறியபோது, பழைய வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் "இது இங்கே எதற்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். 1949-ல் இன்ஜினை அவிழ்த்தபோது அதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் அப்போதும் பிரபஸானும் பிரின்சஸும் உயிரோடுதான் இருந்தன. ஒரே இன்ஜினை மூன்று விமானங்களுக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தப் பொறியாளர்களின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கும் வளைவை எடுக்கத் துணிவு வந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, விமானமும் இன்ஜினும் ஒரே கம்பெனி. விமானத் தொழிற்சாலை ஃபில்டனில், இன்ஜின் தொழிற்சாலை அடுத்தாற்போல் பேட்ச்வேயில். நடந்து போகும் தூரம். உறைக்குள் காற்று எப்படி வரும் என்பது இருவருக்கும் பொதுவான கேள்வி. இப்படிப்பட்ட எல்லைக்கோட்டுக் கேள்விகளுக்குத் தனியாக ஒருவரைப் பொறுப்பாக்குவது அவசியம். இல்லையென்றால் ஒவ்வொரு பிரிவும் அது மற்றவர் வேலை என்று நம்பும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். வெப்பமண்டலத் தடங்களுக்காகவே கேட்கப்பட்ட விமானம் இது. அந்த மேகங்களுக்குள் நெடுநேரம் பறக்கும் சோதனை மாதிரி விமானக் கட்டத்திலேயே நடந்திருக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு தெரிந்ததை இரண்டு ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தால், சூட்டுக் காற்றும் குளோ பிளக்கும் முதல் விமானத்தோடேயே வந்திருக்கும். படிகப் பனியை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை என்பது உண்மை. இன்றும் அது முழுதாக அடங்கிவிடவில்லை. 2013-ல் சில புதிய போயிங் விமானங்களின் இன்ஜின்களுக்குள் இதே படிகங்கள் சேர்ந்து சக்தி குறைந்தபோது, பெரிய இடிமேகங்களிலிருந்து 50 கடல் மைல் விலகிப் பறக்கும்படி நிறுவனம் சொல்ல வேண்டி வந்தது.

புரோட்டியஸ் வானத்தோடு நிற்காமல் தரையிலும் கடலிலும் நீண்ட காலம் உழைத்தது. 1959-ல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஒரு சிறு மின் நிலையத்தை அது ஓட்டத் தொடங்கியது. ஆங்கிலக் கால்வாயைக் கார்களோடும் பயணிகளோடும் தாண்டிய பெரிய ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் மிதந்து ஓடும் கலம்) ஒவ்வொன்றிலும் நான்கு புரோட்டியஸ் இன்ஜின்கள். 1968-ல் தொடங்கிய அந்தச் சேவை 2000 அக்டோபர் 1 வரை ஓடியது. காற்று அதே வளைவில் திரும்பித்தான் போனது.